ஆசிரியர் பிழையும் மாணவர் விடையும்

(கல்வியியல் கல்லூரி ஒன்றில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆசிரியராகவே வாழ்ந்து மறைந்த ஒருவரின் நினைவாக, அவருடைய பிள்ளைகள் ஏற்படுத்திய அறக்கட்டளை இது. ஆசிரியப் பணியின் பெருமையைப் பேச நமக்கு மேடைகள் நிறையவே உண்டு. செப்டம்பர் 5 வந்தால் ஊரெங்கும் பேசுகிறோம். இன்று கிடைத்திருக்கும் இந்த ஒரு மணி நேரத்தை, நாம் அதிகம் பேசாத ஒன்றுக்குச் செலவிட விரும்புகிறேன். கற்பிக்கும்போது நாம் செய்யும் பிழைகள் எவை, அவற்றை எப்படிக் கண்டுகொள்வது, கண்ட பிறகு என்ன செய்வது என்பதே என் பொருள்.

தையற்காரர் தைத்த சட்டை சரியில்லை என்றால், போட்டுப் பார்த்த உடனே தெரிந்துவிடும். தோள் இறங்கியிருக்கும், கை நீண்டிருக்கும். அவரே பிரித்துத் தைத்துக் கொடுத்துவிடுவார். கற்பித்தலில் அப்படி உடனே தெரிவதில்லை. பாடம் முடிகிறது, பிள்ளைகள் தலையாட்டுகிறார்கள், மணி அடிக்கிறது, அடுத்த வகுப்புக்குப் போய்விடுகிறோம். இன்று நடத்தியதில் ஒரு பிழை இருந்தால், அது அடுத்த மாதத் தேர்வில் வெளிப்படும். இல்லையென்றால் அடுத்த ஆண்டு வேறோர் ஆசிரியரின் வகுப்பில் வெளிப்படும். அப்போதும் அது ஆசிரியரின் பிழையாக வெளிப்படாது. பிள்ளையின் விடைத்தாளில், சிவப்பு மையால் சுழித்த தவறாக வெளிப்படும். "இவனுக்குக் கணக்கு வராது", "கவனம் போதாது", "மெல்லக் கற்பவர்" என்று பெயர் வாங்குவது பிள்ளைதான்.

நான் சொல்ல வந்தது இதுதான்: மாணவரின் தவறான விடைக்குள் பல நேரங்களில் நம் கற்பித்தலின் பிழை பதிவாகியிருக்கிறது. அதைப் படிக்கப் பழகிய ஆசிரியருக்கு ஒவ்வொரு நோட்டும் ஒரு பாடம். படிக்காதவருக்குப் பணிக்காலம் கூடும், பணித்திறம் கூடாது.

பவணந்தியார் காட்டும் நான்கு குறைகள்

ஆசிரியரின் குறைகளைப் பேசுவது மேல்நாட்டிலிருந்து வந்த புதுப்பழக்கம் என்று யாரும் எண்ண வேண்டாம். 13-ஆம் நூற்றாண்டில், சீயகங்கன் என்னும் சிற்றரசன் வேண்டிக்கொள்ள, பவணந்தி முனிவர் நன்னூலை இயற்றினார். எழுத்தையும் சொல்லையும் தொடங்கும் முன்பே, நூல் எது, கற்பிப்பவர் யார், கற்பிப்பது எப்படி, கற்பவர் யார், கற்பது எப்படி என்ற ஐந்தையும் பொதுப்பாயிரத்தில் வைத்துவிட்டார். நல்லாசிரியருக்கு நிலம், மலை, துலாக்கோல், மலர் என நான்கு உவமை சொன்னதோடு அவர் நிற்கவில்லை. ஆசிரியராக இருக்கத் தகாதவருக்கும் நான்கு உவமை தந்தார்: கழற்குடம், மடற்பனை, பருத்திக் குண்டிகை, முடத்தெங்கு.

கழற்சிக்காயை ஒவ்வொன்றாகப் போட்டு நிரப்பிய குடத்தைக் கவிழ்த்தால், போட்ட வரிசையில் வராது. முறைமாறி மொத்தமாகக் கொட்டும். கருக்குமட்டை சூழ்ந்த பனையில் ஏறி யாரும் பழம் பறிக்க முடியாது. தானாக விழுந்தால் எடுத்துக்கொள்ளலாம். வாய் குறுகிய குண்டிகையில் பஞ்சை அடைப்பதும் பாடு, அடைத்ததை எடுப்பதும் பாடு. வளைந்து வளர்ந்த தென்னையோ, தண்ணீர் ஊற்றியவரை விட்டுவிட்டு அடுத்த தோட்டத்தில் காய் உதிர்க்கும்.

இந்த நான்கையும் சேர்த்துப் பாருங்கள். குடம் நிறைந்திருக்கிறது. பனையில் பழம் இருக்கிறது. குண்டிகையில் பஞ்சு இருக்கிறது. தென்னை காய்த்திருக்கிறது. பொருள் இல்லாத ஆசிரியரைப் பற்றி இந்த உவமைகள் பேசவே இல்லை. இருக்கும் பொருள் மாணவரிடம் போய்ச் சேரும் வழியில்தான் குறை. பாட அறிவு மட்டும் ஆசிரியராக்காது என்பதை இவ்வளவு தெளிவாக அவர் சொல்லியிருக்கிறார்.

அமெரிக்கக் கல்வியாளர் லீ ஷுல்மன் 1986-இல் வெளியிட்ட கட்டுரை, இன்று உலகெங்கும் ஆசிரியர் கல்வியில் பாடமாக இருக்கிறது. ஒரு பாடத்தை அறிந்திருப்பது வேறு, அந்தப் பாடத்தைக் கற்பிக்க அறிந்திருப்பது வேறு என்றார் அவர். எந்த இடத்தில் மாணவர் இடறுவார், என்ன தவறான எண்ணத்தோடு வகுப்புக்குள் வருவார் என்று தெரிந்திருப்பது இரண்டாவது அறிவின் உயிர்ப்பகுதி. பவணந்தியாரின் நான்கு உவமைகளையும் இந்த வெளிச்சத்தில் வைத்து, நம் வகுப்பறைகளைப் பார்ப்போம்.

கழித்தல் கணக்கில் ஒரு பாடம்

கற்பித்தல் பயிற்சியைப் பார்வையிட ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளிக்குச் சென்றிருந்தேன். மூன்றாம் வகுப்பு. பயிற்சி ஆசிரியை நான்கு கழித்தல் கணக்குகளைக் கரும்பலகையில் எழுதிப் போட்டிருந்தார். வகுப்பு முடிந்ததும் நோட்டுகளை இருவரும் புரட்டினோம். ஒரு சிறுவனின் நோட்டில் இப்படி இருந்தது:

52 − 27 = 35
83 − 46 = 43
75 − 32 = 43
61 − 38 = 37

மூன்றாவது கணக்கு மட்டும் சரி. மற்ற மூன்றும் சுழிக்கப்பட்டு, கீழே "கவனமாகப் போடவும்" என்று எழுதியிருந்தது. அந்தப் பயிற்சி ஆசிரியை அக்கறையானவர்; பாடக்குறிப்பு, துணைக்கருவி எல்லாம் ஒழுங்காக வைத்திருந்தார். பையனைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டோம்.

"தம்பி, இந்தக் கணக்கை எப்படிப் போட்டேன்னு சொல்லேன்."

"ரெண்டுலேருந்து ஏழு போகாது சார். அதனால ஏழுலேருந்து ரெண்டைக் கழிச்சேன். அஞ்சு."

"அப்படிக் கழிக்கலாமா?"

"பெரிய நம்பர்லேருந்துதான் சின்ன நம்பரைக் கழிக்கணும்னு ஒண்ணாங் கிளாஸ்ல சொன்னாங்க."

பயிற்சி ஆசிரியை சட்டென்று என்னைப் பார்த்தார். அவன் கவனம் இல்லாமல் போடவில்லை. மிகுந்த கவனத்தோடு, தனக்குச் சொல்லித்தந்த விதியை ஒவ்வோர் இடத்திலும் பின்பற்றியிருக்கிறான். நான்கு விடையும் ஒரே விதியிலிருந்து வந்தவை. சரியாக வந்த அந்த ஒன்றும் அதே விதியால் வந்ததுதான். அங்கே மேலே இருந்த இலக்கங்கள் பெரியவையாக இருந்ததால் அது தப்பித்தது. ஒற்றை இலக்கத்தில் கழிக்கும்போது, குழந்தைக்கு எளிதாக இருக்கட்டும் என்று ஓர் ஆசிரியர் சொன்ன வாக்கியம், இரண்டு ஆண்டு கழித்து இங்கே வந்து தவறாக நிற்கிறது. சொன்ன ஆசிரியருக்கு இது தெரியவே தெரியாது. ஓரிடத்துக்காகப் போட்டது முறைமாறி வேறோரிடத்தில் கொட்டும் கழற்குடம் இதுதான்.

இப்போது "கவனமாகப் போடவும்" என்ற அறிவுரையால் என்ன பயன்? இன்னும் கவனமாக அதே தவறைச் செய்வான். அன்று மதியம் ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினோம். ஐந்து கட்டும் இரண்டு உதிரிக் குச்சியும் அவன் கையில். "எனக்கு இருபத்தேழு குடு" என்றார் பயிற்சி ஆசிரியை. இரண்டு கட்டைக் கொடுத்தான். உதிரியில் இருந்த இரண்டையும் கொடுத்தான். இன்னும் ஐந்து வேண்டும். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு கட்டின் ரப்பர் பேண்டை அவனே கழற்றினான். கையில் மிச்சம் இருபத்தைந்து. "கடன் வாங்குவது" என்று நாம் கரும்பலகையில் சொல்லித்தரும் வேலையின் பொருள், அவன் கைக்கு அப்போதுதான் எட்டியது.

அமெரிக்க ஆய்வாளர்களான ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் இருவரும் 1978-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் விரிவாகக் காட்டியது. பிள்ளைகளின் கழித்தல் தவறுகளில் பல கண்மூடித்தனமானவை அல்ல, ஒவ்வொன்றுக்குப் பின்னும் ஒரு விதி இருக்கிறது, விதிதான் பிழையானது. பயிற்சி ஆசிரியர்களுக்காக அவர்கள் ஒரு கணினி விளையாட்டும் செய்தார்கள். கணினி ஒரு மாணவனைப் போலத் தவறான விடைகளைத் தரும். அவன் எந்த விதியைப் பின்பற்றுகிறான் என்று ஆசிரியர் கண்டுபிடிக்க வேண்டும். திருத்துவதற்கு முன் கண்டுபிடிக்க வேண்டும் என்ற பழக்கத்தை அது வளர்த்தது.

இப்படி இன்னும் பல உண்டு. 8 + 4 = □ + 5 என்று கேட்டால் பல பிள்ளைகள் கட்டத்தில் 12 எழுதுகிறார்கள். சமக்குறிக்கு அடுத்து விடை வரும் என்றே ஆண்டுக்கணக்கில் நாம் பழக்கியிருக்கிறோம். இரு பக்கமும் சமம் என்று காட்டவில்லை. 0.8-ஐவிட 0.35 பெரிது என்று எழுதுபவர், எட்டைவிட முப்பத்தைந்து பெரிது என்ற முழு எண் அறிவைத்தான் பயன்படுத்துகிறார். தமிழ் வகுப்பில் "வாளப்பளம்" என்று எழுதும் பிள்ளை, காதில் விழுந்ததை உண்மையாக எழுதுகிறது. நம் வாயே ழகரத்தை ளகரமாக ஒலித்துவிட்டு, அந்தப் பிள்ளையைப் பத்து முறை இம்போசிஷன் எழுதவைத்தால் கை வலிக்கும், ழகரம் வராது.

ஆகவே பயிற்சி மாணவர்களே, முதல் பழக்கமாக இதை வைத்துக்கொள்ளுங்கள். தவறான விடையைக் கண்டதும், "எப்படிப் போட்டாய்?" என்று கேளுங்கள். சரியான விடைக்கும் சில சமயம் அதே கேள்வியைக் கேளுங்கள். எழுபத்தைந்தில் முப்பத்திரண்டு போக நாற்பத்து மூன்று என்று சரியாக எழுதிய அந்தச் சிறுவனை, அந்த ஒரு கணக்கை மட்டும் வைத்து நாம் மதிப்பிட்டிருந்தால், பிழை இன்னும் இரண்டு ஆண்டு ஒளிந்திருக்கும்.

கேட்டுவிட்டுக் காத்திருங்கள்

நம் வகுப்பறைகளில் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி "புரிஞ்சுதா?" என்பதுதான். அதற்கு வகுப்பே சேர்ந்து "புரிஞ்சுது சார்" என்று சொல்லும். இந்தக் கேள்வியால் ஆசிரியருக்குக் கிடைக்கும் செய்தி எதுவும் இல்லை. புரிந்தவரும் அதையே சொல்வார், புரியாதவரும் அதையே சொல்வார். புரியவில்லை என்று எழுந்து நின்று சொல்லும் துணிவு நாற்பது பேர் நடுவில் எந்தப் பிள்ளைக்கு வரும்? மடற்பனை என்று பவணந்தியார் சொன்னது இந்த நிலையைத்தான். ஆசிரியர் தாமாகத் தருவதை வாங்கிக்கொள்ளலாம்; அவரை நெருங்கிக் கேட்டுப் பெற முடியாது. முகம் சுளிப்பதும், "இதுகூடத் தெரியாதா?" என்று ஒருமுறை கேட்பதும் போதும். அந்த ஆண்டு முழுவதும் அந்தப் பிள்ளை வாய் திறக்காது.

அமெரிக்காவில் அறிவியல் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ, வகுப்பறைப் பேச்சுகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்து 1970-களில் முடிவுகளை வெளியிட்டார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடியோ அதற்கும் குறைவாகவோதான் காத்திருந்தார்கள். விடை வராவிட்டால் வேறொருவரைக் கேட்டார்கள், அல்லது தாங்களே சொல்லிவிட்டார்கள். அந்த இடைவெளியை மூன்று வினாடிக்குமேல் நீட்டியபோது விடைகள் நீண்டன. தாமாகப் பதில் சொல்ல முன்வந்தவர்கள் கூடினார்கள். "தெரியவில்லை" என்பதும் மௌனமும் குறைந்தன. பிள்ளைகள் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். விடை வந்த பிறகும் அதேபோலக் கொஞ்சம் காத்திருந்தால், சொன்னவரே தம் விடையை விரித்துச் சொன்னார். இன்னொன்றையும் ரோ கண்டார். நன்றாகப் படிப்பவர் என்று ஆசிரியர் நினைத்த பிள்ளைகளுக்கு அதிக நேரம் கிடைத்தது. மற்றவருக்குக் குறைந்த நேரம் கிடைத்தது. யோசிக்க அதிக நேரம் தேவைப்படும் பிள்ளைக்கே நேரம் மறுக்கப்படுகிறது.

மூன்று வினாடி என்பது சொல்லும்போது சிறியது. வகுப்பில் நின்று பார்த்தால் அந்த அமைதி நீளமாகத் தோன்றும். நமக்கே பதற்றம் வரும். பழகிக்கொள்ள வேண்டும். பெயரைச் சொல்லிவிட்டுக் கேள்வி கேட்டால் மற்ற முப்பத்தொன்பது பேரும் ஓய்ந்துவிடுவார்கள். கேள்வியை முதலில் கேளுங்கள், காத்திருங்கள், பிறகு பெயரைச் சொல்லுங்கள். எல்லாரும் சிலேட்டில் விடையை எழுதி ஒரே நேரத்தில் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். ஒரு பார்வையில் வகுப்பு முழுவதும் தெரிந்துவிடும். "புரிஞ்சுதா?" என்று நூறு முறை கேட்டாலும் கிடைக்காத செய்தி, தூக்கிய சிலேட்டுகளில் ஒரே நொடியில் கிடைக்கும்.

நன்றாக நடத்துவதும் நன்றாகக் கற்பதும்

கற்பித்தல் பிழைகளில் மிகவும் மறைவானது, சிறப்பாக நடத்தும் ஆசிரியரிடம் இருப்பது. எரிக் மசூர் 1984 முதல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்து வருபவர். மாணவர்களிடம் நல்ல பெயர். கடினமான தேர்வுக் கணக்குகளை அவருடைய மாணவர்கள் போட்டுவிடுவார்கள். 1990-ஆம் ஆண்டு வாக்கில், அரிசோனாவில் டேவிட் ஹெஸ்டினஸும் அவருடன் பணியாற்றியவர்களும் எழுதிய ஓர் ஆய்வு மசூரின் கண்ணில் பட்டது. இயற்பியல் படித்து முடித்த மாணவர்கள்கூட, விசையையும் இயக்கத்தையும் பற்றிய அன்றாட எண்ணங்களை மாற்றிக்கொள்ளவில்லை என்றது அந்த ஆய்வு.

ஒரு கனரக லாரியும் சிறிய காரும் நேருக்கு நேர் மோதினால் எது எதன்மேல் அதிக விசை செலுத்தும் என்று கேட்டால், நியூட்டனின் மூன்றாம் விதியை வரி பிசகாமல் ஒப்பிக்கும் மாணவரும் "லாரிதான்" என்று சொல்லிவிடுவார். நம் பத்தாம் வகுப்பில் கேட்டாலும் இந்த விடையை நிறையவே கேட்கலாம். ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்று ஒரு மதிப்பெண் வினாவுக்கு எழுதும் அதே கைதான் இதையும் எழுதும்.

தம் மாணவர்கள் அப்படி இருக்க மாட்டார்கள் என்று நம்பி, மசூர் அந்த வினாக்களை வகுப்பில் கொடுத்தார். அப்போது ஒரு மாணவர் எழுந்து, நீங்கள் கற்பித்தபடி எழுதுவதா, நாங்கள் உண்மையில் நினைக்கிறபடி எழுதுவதா என்ற பொருளில் கேட்டாராம். அந்தக் கேள்விக்குப் பிறகு தம் கற்பித்தல் முறையையே மசூர் மாற்றினார். கொஞ்ச நேரம் விளக்குவார். கருத்தைச் சோதிக்கும் ஒரு வினா வைப்பார். மாணவர் தனித்தனியே விடை சொல்வார்கள். பிறகு பக்கத்தில் இருப்பவரோடு வாதாடி, மறுபடி விடை சொல்வார்கள். இந்த முறையை 1997-இல் நூலாகவும் எழுதினார்.

பக்கத்து மாணவர் ஏன் சில வேளை ஆசிரியரைவிட நன்றாக விளக்குகிறார்? அவர் அந்தச் சிக்கலை இப்போதுதான் கடந்து வந்திருக்கிறார். எங்கே இடறினோம் என்பது அவருக்கு நினைவிருக்கிறது. ஆசிரியருக்கோ அது எப்போதோ கடந்து போனது. பழகிப் பழகி, கடினமாக இருந்ததே மறந்துவிட்டது. அரும்பாடுபட்டுச் சேர்த்த பஞ்சை எளிதாக எடுத்துத் தர இயலாத பருத்திக் குண்டிகை இதுதான்.

இங்கே மறுபடியும் நன்னூலுக்கு வர வேண்டியிருக்கிறது. ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாக வாங்கிக்கொண்டாலும் மாணவருக்குக் கிடைப்பது கால் பங்கு. உடன்படிப்பவரோடு பழகி ஆராய்வதில் இன்னொரு கால் பங்கு. பிறருக்கு எடுத்துரைக்கும்போதுதான் மீதி அரைப் பங்கு நிறைகிறது என்கிறார் பவணந்தியார். அந்தப் பழக்கம் நம் திண்ணைப் பள்ளிகளில் நடைமுறையில் இருந்தது. மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்கு மணலில் எழுத்துப் பழக்கினான். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை எழும்பூரில் ஆண் அனாதை இல்லத்தின் பொறுப்பில் இருந்த ஆண்ட்ரூ பெல், நம் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார். அதைத் தம் பள்ளிக்குக் கொண்டுவந்து, பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறையை வளர்த்து, 1797-இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். "மெட்ராஸ் முறை" என்ற பெயரோடு அது இங்கிலாந்தின் பள்ளிகளில் பரவியது. அந்த முறையில், ஒரே ஆசிரியரைக் கொண்டு செலவைக் குறைக்கும் நோக்கமும் மனப்பாடமும் கலந்திருந்தன. அவற்றை நாம் மீட்க வேண்டியதில்லை. ஒருவர் மற்றவருக்கு விளக்குவதில் இருக்கும் கற்றலை மீட்டே ஆக வேண்டும்.

"போர்ஷன் முடிக்கணும் சார், இதுக்கெல்லாம் எங்கே நேரம்?" என்று நீங்கள் கேட்கலாம். அந்த நெருக்கடி உண்மையானது. ஆனால் போர்ஷனை முடித்தது ஆசிரியரா மாணவரா என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். ஒரு பாடவேளையில் ஐந்து நிமிடம், ஒரே ஒரு வினாவுக்கு, பக்கத்தில் இருப்பவரோடு பேசட்டும். ரிவிஷன் நாட்களில் அந்த நேரம் உங்களுக்கே திரும்பி வரும்.

யாருக்குக் காய்க்கிறது?

முடத்தெங்கைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. நம் பள்ளிகளில் எல்லாரும் அறிந்த குறை இது. முன் வரிசையில் கை தூக்கும் நான்கைந்து பேரோடு பாடம் நடந்து முடிகிறது. சென்டம் வாங்குவார் என்று எதிர்பார்க்கும் பிள்ளைக்குத் தனிக் கவனம். தேறினால் போதும் என்று ஒதுக்கிய பிள்ளைக்கு முக்கிய வினாக்களின் பட்டியல். பெருந்தொற்றுக்குப் பிறகு 2022-இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த எண்ணும் எழுத்தும் திட்டம், தொடக்க வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைப்படுத்திக் கற்பிக்கச் சொல்கிறது. எந்தப் பிள்ளை எங்கே நிற்கிறதோ அங்கிருந்து தொடங்குவது நல்ல நெறி. ஆனால் அரும்பில் உட்கார்ந்த பிள்ளை ஆண்டு முழுவதும் அரும்பிலேயே இருந்தால், நிலை என்பது முத்திரையாகிவிடும். பிள்ளை நகர்ந்ததா என்று அடிக்கடி பார்ப்பதில்தான் திட்டத்தின் உயிர் இருக்கிறது.

மதிப்பெண்ணைப் பற்றியும் ஒரு சொல். ரூத் பட்லர் என்னும் ஆய்வாளர் இஸ்ரேலியப் பள்ளிகளில் செய்து 1988-இல் வெளியிட்ட ஆய்வில், சிலருக்கு மதிப்பெண் மட்டும், சிலருக்குக் குறிப்பு மட்டும், சிலருக்கு இரண்டும் தரப்பட்டன. குறிப்பு மட்டும் பெற்றவர்களே ஆர்வத்திலும் திறனிலும் முன்னேறினார்கள். மதிப்பெண்ணும் குறிப்பும் சேர்த்துப் பெற்றவர்களிடம் குறிப்பின் பயன் காணாமல் போனது; மதிப்பெண்ணைப் பார்த்ததும் பிள்ளை குறிப்பை விட்டுவிடுகிறது. பொதுத்தேர்வுக்கு மதிப்பெண் வேண்டும். வாரத் தேர்வுத் தாளிலாவது முதல் நாள் குறிப்பை மட்டும் எழுதிக் கொடுத்து, திருத்தி வரச் சொல்லி, மறுநாள் மதிப்பெண் தரலாம். இதற்கு எந்த அரசாணையும் தேவையில்லை.

பிழையைப் பேச ஓர் இடம்

இதுவரை சொன்னவை தனி ஆசிரியர் செய்யக்கூடியவை. தனியே செய்யும்போது ஓர் எல்லை உண்டு. நம் பிழை நம் கண்ணுக்கே தெரியாத இடங்கள் இருக்கின்றன. அங்கே இன்னொருவர் கண் வேண்டும்.

ஜப்பானியத் தொடக்கப் பள்ளிகளில் நீண்ட காலமாக இருக்கும் ஒரு வழக்கத்தை, ஜேம்ஸ் ஸ்டிக்லரும் ஜேம்ஸ் ஹீபர்ட்டும் 1999-இல் வெளியிட்ட நூல் வெளியுலகுக்கு விரிவாக அறிமுகம் செய்தது. சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தைப் பல நாள் விவாதித்துத் திட்டமிடுகிறார்கள். எந்த எண்களைக் கரும்பலகையில் எழுதுவது, பிள்ளைகள் என்னென்ன விடை சொல்லக்கூடும் என்பதுவரை பேசுகிறார்கள். ஒருவர் நடத்துகிறார், மற்றவர்கள் பின்னால் நின்று ஆசிரியரைப் பார்ப்பதைவிடப் பிள்ளைகளைப் பார்க்கிறார்கள். பிறகு கூடி, எங்கே தடுமாற்றம் வந்தது என்று ஆராய்ந்து, பாடத்தைத் திருத்தி, இன்னொரு வகுப்பில் மறுபடி நடத்துகிறார்கள். பாடம் எல்லாருடையதும் ஆகிவிடுவதால், அதன் குறையும் எல்லாருடையதும் ஆகிவிடுகிறது. நடத்தியவர் தலைகுனிய வேண்டியதில்லை.

நம் நாட்டிலும் இதற்கு முன்மாதிரி இருக்கிறது, கல்வித்துறைக்கு வெளியே. பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால், எந்த இடத்தில் தாமதம் நேர்ந்தது, எதைச் செய்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று ஆராயும் தாய் இறப்புத் தணிக்கை தமிழ்நாட்டின் மருத்துவத் துறையில் பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. அடுத்த தாயைக் காப்பாற்றுவதே அந்த ஆய்வின் நோக்கம். ஒரு பிள்ளை வாசிக்கத் தெரியாமலே எட்டாம் வகுப்பை முடித்துப் போனால், எந்த வகுப்பில், எந்தப் பாடத்தில் கை நழுவியது என்று எந்தக் கூட்டத்தில் ஆராய்கிறோம்?

கூட்டங்கள் நமக்கும் இருக்கின்றன. குறுவள மையங்களில் ஆசிரியர்கள் கூடுகிறார்கள். அங்கே பெரும்பாலும் சுற்றறிக்கையும் பயிற்சிக் கட்டகமும் பேசப்படுகின்றன. அந்தக் கூட்டத்தில் ஒரு மணி நேரத்தை ஒதுக்கி, ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் ஒரு தவறான விடையைக் கொண்டுவரச் சொன்னால் போதும். பிள்ளையின் பெயர் வேண்டாம், பள்ளியின் பெயர் வேண்டாம். விடைத்தாளை மட்டும் நடுவில் வைத்து, இது எப்படி வந்திருக்கும், எந்தக் கற்பித்தல் இதற்கு இடம் கொடுத்தது, எப்படி மாற்றலாம் என்று பேசட்டும். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அங்கே பேசப்படுவது எந்த ஆசிரியரின் மீதும் நடவடிக்கையாகத் திரும்பக் கூடாது. அதிகாரி பார்வையிட வரும் நாளில், ஏற்கெனவே நடத்திய பாடத்தையே மறுபடி நடத்திக் காட்டும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அச்சம் இருக்கும் இடத்தில் பிழை ஒளிந்துகொள்ளும். பார்வையிடும் அலுவலர்களை நான் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்: குறைகளைப் பதிவு செய்யும் முன், ஒரு பிள்ளையின் அருகில் உட்கார்ந்து அதன் நோட்டை அந்த ஆசிரியரோடு சேர்ந்து படியுங்கள்.

ஆசிரியர்களின் சுமையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஐந்து வகுப்பை இரண்டு பேர் பார்க்கும் ஈராசிரியர் பள்ளிகள் இருக்கின்றன. எமிஸ் என்னும் கல்வித் தகவல் தளத்தில் பதிவேற்றுவதிலும் பிற பணிகளிலும் கற்பித்தல் நேரம் கரைகிறது. பசியோடும் வீட்டுத் துயரத்தோடும் வரும் பிள்ளையின் தவறான விடைக்கு ஆசிரியரைப் பொறுப்பாக்க முடியாது. எல்லாத் தவறும் ஆசிரியரால் நேர்ந்தவை என்று நான் சொல்லவில்லை. எது நம்மால் நேர்ந்தது, எது வேறு காரணத்தால் நேர்ந்தது என்று பிரித்தறியும் பொறுப்பு நம்முடையது என்றுதான் சொல்கிறேன். பிரித்தறியாவிட்டால் எல்லாப் பழியும் பிள்ளைமேல் போய் விழும்.

பயிற்சி மாணவர்களுக்கு

இனி உங்களிடம் நேராகப் பேசுகிறேன். 2014-இல் வந்த தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் விதிமுறைகளால் பி.எட். ஈராண்டுப் படிப்பானது, பள்ளியில் தங்கிப் பயிலும் காலமும் நீண்டது. அந்த வாரங்களைக் கையெழுத்து வாங்கும் பதிவேடுகளில் கரைத்துவிடாதீர்கள். பாடக்குறிப்பின் கடைசிப் பக்கத்தில் ஓர் இடம் விட்டு வையுங்கள். வகுப்பு முடிந்ததும், எந்த இடத்தில் பிள்ளைகள் தடுமாறினார்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். அடுத்த ஆண்டு அதே பாடத்தை நடத்தும் முன் முதலில் அந்த இரண்டு வரியைப் படியுங்கள். வாரத்தில் ஒரு நாள், பாடம் முடிந்ததும் ஒரு துண்டுத்தாளில் இன்று புரியாமல் போன ஒன்றைப் பெயர் போடாமல் எழுதித் தரச் சொல்லுங்கள். உங்களோடு பயிற்சிக்கு வந்திருக்கும் நண்பரை வகுப்பின் பின்னால் உட்காரவைத்து, "என்னைப் பார்க்காதே, அந்த ஜன்னலோரப் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று பார்" எனச் சொல்லுங்கள்.

எல்லாவற்றிலும் மேலாக, ஒரு பிள்ளையைப் பற்றி முந்தைய ஆசிரியர் சொன்ன தீர்ப்பை அப்படியே வாங்கிக்கொள்ளாதீர்கள். "இவனுக்கு வராது" என்று யாராவது சொன்னால், அவன் நோட்டை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் போய் உட்காருங்கள். எப்படிப் போட்டாய் என்று கேட்டு, மூன்று வினாடிக்குமேல் காத்திருங்கள். அவன் சொல்லும் விடையில் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணத்தைக் கேட்டறிந்த பின்தான் அவனுக்குக் கற்பிக்கும் உரிமை நமக்கு வருகிறது.